பத்து ரூபாய்க்கு லாகூர்

தில்லி கரோல்பாகிலிருந்தோ மும்பை மாதுங்காவிலிருந்தோ மதுரையிலிருந்தோ சிம்லாவுக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பத்துக்கு சண்டிகர் என்பது ஒரு காத்திருப்பு. ரயில் காலையில் கொண்டுவந்து இறக்கிவிடும். மலையேறும் வண்டிக்கோ ஊர் திரும்பும் ரயிலுக்கோ இன்னும் ஆறேழு மணி நேரம் இருக்கும். அதுவரை என்ன செய்வது என்று ஆட்டோக்காரரிடம் கேட்டால் அவர் மூன்று பெயர்களைச் சொல்வார்: ராக் கார்டன், சுக்னா ஏரி, செக்டர் 17 கடைவீதி. ஏரியில் படகுச் சவாரி, கடைவீதியில் ஒரு சால்வை, நடுவே பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் என்று பொழுது போய்விடும். கையில் இருந்த பணமும் போயிருக்கும்.

ஆட்டோக்காரர் சொல்லாத ஓர் இடம் செக்டர் 10இல் இருக்கிறது. அரசு அருங்காட்சியகம் மற்றும் கலைக்கூடம். உள்ளே நுழைய பல ஆண்டுகளாகவே 10 ரூபாய்தான் கட்டணம். அதை ஒட்டி நீளும் பூங்காவுக்குக் கட்டணமே கிடையாது. சாலையைக் கடந்தால் வரும் ரோஜாத் தோட்டத்துக்கும் கிடையாது. ராக் கார்டனுக்கு மட்டும் 30 ரூபாய் அளவில் டிக்கெட். தாஜ் மகாலில் பிரதான கல்லறை மாடம் வரை போய்ப் பார்க்க இந்தியர் ஒருவருக்கு 250 ரூபாய் ஆகிற காலத்தில், இரண்டு பேர் சேர்ந்து 80 ரூபாய்க்கு ஒரு பகல் முழுவதையும் கழிக்க முடிகிற ஊர் இது. கட்டணங்கள் அவ்வப்போது மாறலாம். ஆனால் மலிவு என்பது இங்கே யாரோ மறந்துபோய் விட்டுவைத்த சலுகை அல்ல. அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதை லாகூரில் ஆரம்பிக்கிறது.

1947 ஆகஸ்டில் பஞ்சாப் இரண்டாக வெட்டப்பட்டபோது அதன் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. நிலம் பிரிந்தது. மக்கள் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு சொத்துகள். அரசு அலுவலகத்து மேஜை, நாற்காலி, கோப்பு, நூலகப் புத்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் பங்கு போடப்பட்டது. லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பும் அதில் அடக்கம். 1948 ஏப்ரல் 10ஆம் தேதி பாகப்பிரிவினை முடிவாயிற்று. பாகிஸ்தானுக்கு 60 சதவீதம், இந்தியப் பஞ்சாபுக்கு 40 சதவீதம். குடும்பச் சொத்து பிரிக்கிறவர்கள் அண்டா குண்டாவை எண்ணுவதுபோல புத்தர்களையும் போதிசத்துவர்களையும் எண்ணினார்கள்.

தமிழர்களுக்கு லாகூர் அருங்காட்சியகம் வேறொரு வழியில் கொஞ்சம் அறிமுகம். ருட்யார்ட் கிப்ளிங்கின் 'கிம்' நாவல் (1901) அதன் வாசலில்தான் ஆரம்பமாகிறது. திபெத்திய லாமா ஒருவர் உள்ளே போய் காந்தார புத்தர்களைப் பார்த்து வியந்து நிற்பார். கிப்ளிங்கின் தந்தை லாக்வுட் கிப்ளிங் அங்கே பொறுப்பாளராக இருந்தவர். அந்தச் சேகரிப்பின் இந்தியப் பங்குதான் இன்று செக்டர் 10இல் இருக்கிறது.

பங்கு கிடைத்துவிட்டது, வைக்க வீடு இல்லை. கிழக்குப் பஞ்சாபுக்குத் தலைநகரே இல்லாதபோது சிலைகளுக்கு எங்கே இடம்? 1949இல் எல்லையைத் தாண்டி வந்த அவை முதலில் அமிர்தசரஸில் தங்கின. பிறகு சிம்லா. பிறகு பட்டியாலா. நிவாரண முகாமிலிருந்து உறவினர் வீட்டுக்கும் அங்கிருந்து வாடகை வீட்டுக்கும் மாறிய லட்சக்கணக்கான அகதிக் குடும்பங்களைப் போலத்தான் இந்தக் கற்களும் இருபது ஆண்டுகள் அலைந்தன. 1968 மே 6ஆம் தேதிதான் அவற்றுக்குச் சொந்த வீடு கிடைத்தது.

வீட்டைக் கட்டியவர் லெ கார்புசியே. சண்டிகர் நகரையே வரைந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். கட்டடம் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. 1965இல் மத்தியதரைக் கடலில் நீந்தப் போனவர் அங்கேயே இறந்துவிட்டார். அவருடைய திட்டப்படி உலகில் மூன்று அருங்காட்சியகங்கள் எழுந்தன. ஆமதாபாதில் ஒன்று, டோக்கியோவில் ஒன்று, இது மூன்றாவது. தேவைக்கேற்ப நத்தை ஓடுபோலச் சுற்றிச் சுற்றி வளர்ந்துகொண்டே போக வேண்டும் என்பது அவர் கனவு. மூன்றில் எதுவும் அப்படி வளரவில்லை. 2016இல் யுனெஸ்கோ அவருடைய 17 படைப்புகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது டோக்கியோ அருங்காட்சியகம் பட்டியலில் இருந்தது. சண்டிகரிலிருந்து தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் அடங்கிய கேபிடல் வளாகம் இருந்தது. இந்த அருங்காட்சியகம் இல்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். செங்கல் போர்த்திய ஒரு பெரிய சதுரப் பெட்டி, தூண்கள்மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. கோபுரம், மாடம், யாளி என்று எதிர்பார்த்துப் பழகிய தமிழ்க் கண்ணுக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. உள்ளே போன பிறகுதான் விஷயம் புரியும். மாடிக்குப் போகப் படிக்கட்டுக்குப் பதிலாக நீண்ட சாய்தளம். ஏறுகிறோம் என்பதே தெரியாமல் ஏறிவிடலாம். வெளிச்சம் கூரையில் உயரத்தில் உள்ள சாளரங்கள் வழியாக இறங்குகிறது. மே மாதத்து வெயிலும் உள்ளே வரும்போது அடங்கிவிடுகிறது. காலை பத்து மணிக்கு ஒரு முகத்தோடு இருக்கும் சிலை மதியம் வேறொரு முகத்தோடு இருப்பது அதனால்தான்.

காந்தாரச் சிற்பங்கள் இங்கே 600க்கும் மேல். இந்திய மண்ணில் காந்தாரக் கலையைப் பார்க்க வேண்டும் என்றால் வர வேண்டிய முக்கியமான இடங்களில் இது ஒன்று. பெஷாவர் சமவெளியிலும் சுவாட் பள்ளத்தாக்கிலும் ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து ஐந்தாம் நூற்றாண்டு வரை செதுக்கப்பட்டவை. அந்த வட்டாரம் முழுக்க இப்போது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான். பெரும்பாலும் சாம்பல் நிறக் கல். கருங்கல்லின் கனமோ மாக்கல்லின் குழைவோ இல்லாத, தகடு தகடாகப் பிரியக்கூடிய கல். அதில் துணியின் மடிப்பைச் செதுக்கியிருக்கும் விதத்தைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். தோளிலிருந்து இறங்கும் துவராடை கிரேக்கச் சிலைகளின் மேலங்கி போல மடிப்பு மடிப்பாக விழுகிறது. தலைமுடி அலை அலையாக வாரி முடியப்பட்டிருக்கிறது. போதிசத்துவர்களுக்கு மீசை, கழுத்தில் அணிகலன், காலில் செருப்பு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது வேறு உலகம். அமராவதியில் உடல்கள் கொடிபோல வளைந்து ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடிக்கும். காந்தாரத்தில் ஒவ்வொருவரும் தனியாக, நேராக, கொஞ்சம் விறைப்பாக நிற்கிறார்கள். (அமராவதியும் பங்கு போடப்பட்ட சொத்துதான். ஒரு பகுதி சென்னையில், ஒரு பகுதி லண்டனில். ஆனால் அதில் யாரும் சதவீதம் கேட்டுக் கையெழுத்துப் போடவில்லை, எடுத்துப் போனார்கள்.)

காந்தாரக் கலையின் மிகப் புகழ்பெற்ற சிற்பம் இங்கே இல்லை. விலா எலும்பும் நரம்பும் தெரிய உடல் வற்றி அமர்ந்திருக்கும் தவ புத்தர் லாகூரிலேயே இருக்கிறார். 60 சதவீதத்தில் அவர் அந்தப் பக்கம் போனார். அவரைப் பார்க்க ஆசைப்படுகிற இந்தியருக்கு 10 ரூபாய் போதாது. பாஸ்போர்ட்டும் விசாவும் நல்ல அரசியல் சூழலும் வேண்டும். அமிர்தசரஸிலிருந்து லாகூர் ஐம்பது கிலோமீட்டர் தூரம்தான் என்பது வேறு விஷயம்.

சிலைகளாவது தனித்தனியானவை, பிரித்தாலும் ஒவ்வொன்றும் முழுசு. ஓவியங்களின் கதை வேறு. மாடியில் பஹாரி சிற்றோவியங்கள் இருக்கின்றன. இமயமலை அடிவாரத்துச் சிறு சமஸ்தானங்களில் வரையப்பட்டவை. உள்ளங்கையை விரித்ததுபோல ஒன்றிரண்டு மடங்கு அளவு. அவற்றில் 1730இல் மானகு என்ற ஓவியர் வரைந்த கீதகோவிந்தத் தொடரின் ஏடுகளும் உண்டு. ஜெயதேவரின் அஷ்டபதி தமிழ்நாட்டு பஜனை மடங்களுக்கும் ராதா கல்யாணங்களுக்கும் பழக்கமானது. கும்பகோணம் பக்கத்தில் காதால் கேட்டு வளர்ந்த பாட்டை இங்கே கண்ணால் பார்க்கலாம். மஞ்சளும் சிவப்பும் தகதகக்கும் பின்னணி; நீல நிறக் கண்ணன்; வட்டு வட்டாக மரங்கள்; ராதைக்குப் பெரிய, நீண்ட கண்கள். நீள அகலம் குறைந்த தாளில் யமுனை ஓடுகிறது.

ஆனால் தொடர் இங்கே முழுமையாக இல்லை. லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்தபோது ஒன்றாகக் கிடந்த ஏடுகளுக்கும் 60-40 கணக்கு பொருந்தியது. சில இங்கே வந்தன, சில அங்கேயே நின்றன. தில்லி தேசிய அருங்காட்சியகத்திலும் சில ஏடுகள் இருக்கின்றன. தூது போகும் தோழி ஒரு நாட்டில் கிளம்பி இன்னொரு நாட்டில் போய்ச் சேர்கிறாள் என்றாலும் மிகையில்லை. மொகஞ்சதாரோவின் பழம்பொருள்களைப் பிரித்தபோது கழுத்தணியின் மணிகளையே பிரித்து ஆளுக்குப் பாதியாகக் கோத்துக்கொண்டார்கள். அந்தப் பாதியைத் தில்லியில் பார்க்கலாம். பங்கு போட்டவர்கள் கொடியவர்கள் இல்லை. கையில் உத்தரவும் பட்டியலும் வைத்திருந்த அரசு ஊழியர்கள். அதுதான் யோசிக்க வைக்கிறது.

மானகுவின் பெயர் இன்று தெரிவதற்கே சண்டிகர்வாசி ஒருவர் காரணம். இன்று பாகிஸ்தானில் உள்ள சர்கோதாவில் பிறந்த பி.என். கோஸ்வாமி, கிடைத்த ஐ.ஏ.எஸ். வேலையை 1958இல் உதறிவிட்டு ஓவிய ஆராய்ச்சிக்கு வந்தவர். பஹாரி ஓவியங்களில் கையெழுத்து அபூர்வம். வரைந்தவர் யார் என்று தெரியாமல் ராஜாக்களின் பெயரைச் சொல்லியே எல்லாரும் வகைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கோஸ்வாமி ஹரித்வாருக்குப் போனார். அஸ்தி கரைக்க வருகிறவர்களின் குலம், ஊர், பெயரைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்திருக்கும் பண்டாக்களின் நீண்ட கணக்கேடுகளைப் புரட்டினார். ராமேஸ்வரத்திலும் காசியிலும் தீர்த்த யாத்திரை போன தாத்தாவின் கையெழுத்தைப் பண்டாவின் ஏட்டில் பார்த்துச் சிலிர்த்த குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. அப்படிப்பட்ட ஏடுகளில் கோஸ்வாமி ஓவியர்களின் வம்சத்தைக் கண்டுபிடித்தார். குலேர் ஊர் பண்டிட் சேவு. அவர் மகன்கள் மானகு, நைன்சுக். 1763இல் ஹரித்வாருக்கு வந்த நைன்சுக் தன் கையாலேயே எழுதி, ஒரு சித்திரமும் வரைந்துவைத்த பக்கம் கிடைத்தது. பாணி என்பது அரசவைக்குச் சொந்தமானது அல்ல, ஓவியக் குடும்பத்துக்குச் சொந்தமானது என்று 1968இல் அவர் நிறுவினார். அருங்காட்சியகம் திறந்த அதே ஆண்டு. 2023 நவம்பரில் கோஸ்வாமி காலமாகும்வரை சண்டிகர்தான் அவர் ஊர்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எம்.எஸ். ரந்தாவா. ஐ.சி.எஸ். அதிகாரி, படிப்பால் தாவரவியலாளர். பிரிவினைக்குப் பின் பஞ்சாபில் அகதிகள் மறுவாழ்வுப் பணியை நடத்தியவர். 1950களில் காங்ராவிலும் குலேரிலும் பழைய ராஜ குடும்பங்களின் வீடுகளுக்குப் போய் ஓவியங்களைத் தேடிப்பிடித்து அரசுக்காக வாங்கியவர். லாகூரிலிருந்து வந்த 40 சதவீதத்தோடு நின்றுவிடாமல் சேகரிப்பு வளர்ந்தது அவரால்தான். சண்டிகர் 1966இல் யூனியன் பிரதேசமானபோது முதல் தலைமை ஆணையர் அவரே. அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தவரும் அவரே. அகதிகளுக்கு நிலமும் வீடும் பகிர்ந்தளித்த கை, ஓவியங்களுக்கும் இடம் ஒதுக்கியது. அந்த மனநிலையில் இருந்த அதிகாரி அருங்காட்சியகத்தைப் பணம் பண்ணும் இடமாக நினைத்திருக்க முடியாது. இழந்த வீட்டின் பொருள்களைப் பார்க்க வருகிறவனிடம் என்ன கட்டணம் வாங்குவது?

அம்ரிதா ஷெர்-கில்லின் ஓவியங்களும் இங்கே உண்டு. 1941 டிசம்பரில் லாகூரில் இறந்தபோது அவருக்கு வயது 28. நந்தலால் போஸ், ஜாமினி ராய், ரோரிக் என்று நவீன ஓவியப் பகுதி நீள்கிறது. அவசரக்காரர்கள் இதை வேகமாகக் கடந்துவிடலாம். ஷெர்-கில் முன்னால் மட்டும் நிற்காமல் போகக் கூடாது. அதே வளாகத்தில் சண்டிகர் நகரம் உருவான கதையைச் சொல்லும் கட்டடக் கலை அருங்காட்சியகம் ஒன்று 1997இலிருந்து இருக்கிறது. வரைபடம், கடிதம் படிக்கப் பிடிக்கிறவர்களுக்கு அது தனி விருந்து. இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த உதவும்.

வெளியே வந்தால் செக்டர் 10இன் பூங்கா. சண்டிகரின் வடகோடியிலிருந்து தெற்கு நோக்கி ஒரு பழைய ஓடைப் படுகையை ஒட்டி ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தூரம், செக்டருக்கு ஒன்றாகத் தோட்டங்கள் கோத்துக்கொண்டு போகின்றன. மூன்றாம் செக்டரில் காகிதப்பூ. பதினாறில் ரோஜா. முப்பத்தாறில் வாசனைச் செடிகள். எங்கும் சுற்றுச்சுவர் ஏறிக் குதிக்க வேண்டியதில்லை. டிக்கெட் கவுன்ட்டரும் இல்லை. சாலைக்கு ஒரு மரம் என்று தேர்ந்தெடுத்து வைத்ததிலும் ரந்தாவாவின் கை உண்டு. கோடையில் வருகிறவர்களுக்கு ரோஜா கிடைக்காது; ஆனால் சரக்கொன்றை பூத்து ஒரு சாலையே மஞ்சளாகியிருக்கும்.

ரோஜாத் தோட்டம் 1967இல் ஆரம்பிக்கப்பட்டது. அதே ஆண்டு குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேனின் பெயரை வைத்தார்கள். அவர் ரோஜாப் பிரியர் என்பது ஊரறிந்த விஷயம். சுமார் 30 ஏக்கர். பிப்ரவரியில் ரோஜா விழா நடக்கும்போது கூட்டம் தாங்காது. பூவை மட்டும் பார்க்க நினைப்பவர்கள் விழா முடிந்த மறுவாரம் போவது உத்தமம். அரசு ஊழியர்கள் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு வந்து புல்வெளியில் உட்காருவார்கள். வெளியே தள்ளுவண்டியில் சோலே குல்ச்சா கிடைக்கும். அதைக் கையில் வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்காரும் குடும்பத்துக்கு ஓட்டல் செலவும் மிச்சம். செக்டர் 17 கடைவீதிக்கு இங்கிருந்தே சாலைக்கு அடியில் சுரங்கப் பாதை உண்டு. பஸ் நிலையமும் அந்தப் பக்கம்தான்.

வழியில் ஏதாவது அரசு அலுவலகத்தை எட்டிப் பார்க்க வாய்த்தால் நாற்காலியைக் கவனிக்க வேண்டும். தேக்குக் கட்டையில், கவிழ்த்துப் போட்ட 'வி' எழுத்துபோலக் கால்கள். பிரம்பு பின்னிய இருக்கை. கார்புசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ழான்னரே வடிவமைத்து, உள்ளூர்த் தச்சர்கள் 1950களிலும் 60களிலும் ஆயிரக்கணக்கில் செய்தவை. கார்புசியே வந்து வந்து போனார். ழான்னரே 1965 வரை இங்கேயே இருந்து நகரத்தைக் கட்டினார். அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தி சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. பிரம்பு அறுந்தும் கால் ஆடியும் போன நாற்காலிகளை அலுவலகங்கள் மொட்டை மாடியில் குவித்துவைத்து, அவ்வப்போது ஏலம் விட்டு, காயலான் கடை விலைக்குத் தள்ளின. வாங்கியவர்களில் வெளிநாட்டுக் கலைப்பொருள் வியாபாரிகளும் இருந்தார்கள். பாலிஷ் போட்டு, புதுப் பிரம்பு பின்னி, பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏலத்துக்கு வைத்தபோது அதே நாற்காலிகள் லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போயின. சண்டிகருக்கு அப்போதுதான் விழிப்பு வந்தது.

2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் இந்தப் பொருள்களை விற்கத் தடை விதித்தது. கணக்கெடுத்ததில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இன்னும் நகரத்தில் இருப்பது தெரிந்தது. அதன் பிறகும் அயல்நாட்டு ஏலங்கள் நிற்கவில்லை. ஏற்கெனவே முறைப்படி ஏலத்தில் விற்ற பொருளைத் திருப்பிக் கேட்க முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் தொன்மையானது என்று கருதப்பட நூறு வயதாக வேண்டும். இந்த நாற்காலிகளுக்கு அறுபது, எழுபதுதான் ஆகிறது. லாகூரிலிருந்து வந்த ஒவ்வொரு கல்லையும் எண்ணி வாங்கிக்கொண்ட நிர்வாகம், தானே செய்த நாற்காலியை எண்ணாமல் விட்டது. அப்போது சண்டைக்குப் பங்காளி இருந்தான், எண்ணினார்கள். இப்போது பங்காளி இல்லை.

தள்ளிவிடப்பட்டதை எடுத்து வைத்த ஒருவரும் இதே ஊரில் இருந்தார். செக்டர் 10இலிருந்து வடக்கே சுமார் மூன்று கிலோமீட்டர். நடக்கலாம், பிள்ளைகள் சிணுங்கினால் டவுன் பஸ். ராக் கார்டனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பொம்மைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் வெளியேறிவிடுகிறார்கள். அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அது அத்தனை சுலபமாக முடியாது.

நேக் சந்த் 1924இல் பிறந்த கிராமம் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. 1947இல் அகதியாக வந்தார். சண்டிகர் கட்டப்பட்டபோது பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. புதிய நகரத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இடிக்கப்பட்டன. இடிந்த வீடுகளின் ஓடு, உடைந்த பீங்கான் தட்டு, கழிப்பறைக் கிண்ணம், பியூஸ் கட்டை, தார் டிரம், சைக்கிள் சட்டம், நொறுங்கிய கண்ணாடி வளையல் எல்லாவற்றையும் 1950களின் இறுதியிலிருந்து சைக்கிளில் கட்டி, கட்டடம் எதுவும் கட்டக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட காட்டுப் பள்ளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரவில் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை. யாருக்கும் தெரியாது. 1970களில் அதிகாரிகளின் கண்ணில் பட்டபோது உள்ளே ஓர் ஊரே இருந்தது. சட்டப்படி அது ஆக்கிரமிப்பு, இடித்திருக்க வேண்டும். 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நேக் சந்துக்குச் சம்பளமும் ஐம்பது ஆட்களும் கொடுத்து தொடர்ந்து கட்டச் சொன்னார்கள். இந்திய அரசு நிர்வாகத்தின் வரலாற்றில் இப்படிப்பட்ட கோப்புகள் அதிகம் இருக்காது. 1984இல் பத்மஸ்ரீ வந்தது.

உள்ளே வாசல்கள் எல்லாம் குட்டையானவை. எவ்வளவு பெரிய மனிதரும் குனிந்துதான் போக வேண்டும். வளைந்து வளைந்து போகும் பாதையில் அடுத்து என்ன வரும் என்று தெரியாது. ஒரு திருப்பத்தில் வளையல் துண்டுகளால் சேலை கட்டிய பெண்கள் நூறு பேர் வரிசையாக நிற்பார்கள். இன்னொரு திருப்பத்தில் தலையில் குடத்தோடு, கையில் மண்வெட்டியோடு கிராமத்து ஆட்கள், ஆடு, மாடு, குரங்கு, மயில். நேர்கோடும் செங்கோணமுமாக வரையப்பட்ட நகரத்தின் ஒரு மூலையில், அந்த நகரம் எந்தக் கிராமங்களை அழித்ததோ அந்தக் கிராமங்களே அவற்றின் இடிபாடுகளால் மறுபடி எழுந்து நிற்கின்றன. தான் விட்டுவந்த ஊரையும் அவர் இதில் சேர்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க இடமிருக்கிறது.

இதற்கும் ஆபத்துகள் வந்தன. 1990 வாக்கில் சாலை போட புல்டோசர் வந்தபோது நகரவாசிகள் மனிதச் சங்கிலியாக நின்று தடுத்தார்கள். நேக் சந்த் 2015 ஜூனில் காலமானார். 2025 மார்ச்சில், உயர் நீதிமன்றத்தை ஒட்டிய சாலையை அகலப்படுத்த தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மக்கள் மறுபடியும் திரண்டார்கள். இந்த முறை சுவர் தப்பவில்லை. கார் நிறுத்த இடம் வேண்டும் என்பது நிர்வாகத்தின் வாதம். அது பாரம்பரியப் பகுதிக்குள் வராத சுவர் என்றும் விளக்கம் சொன்னார்கள். நாற்காலி விஷயத்திலும் வயது போதவில்லை என்பதுதான் பதில். எண்ணிக்கைக்குள் வராதவரை எதுவும் காயலான் சரக்குதான் என்ற கணக்கு நிர்வாகங்களுக்கு எளிதில் மறப்பதில்லை.

கட்டணத்தைக் கூட்டினால் பராமரிப்பு மேம்படும் என்று ஒரு கட்சி உண்டு. பத்து ரூபாயில் என்ன வந்துவிடப் போகிறது என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பத்து ரூபாயை நூறாக்கினால் வராமல் போகிறவர்கள் யார்? வெளிநாட்டுப் பயணியோ கட்டடக் கலை மாணவரோ இல்லை. மொஹாலியிலிருந்தோ அம்பாலாவிலிருந்தோ ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, பாட்டியையும் கூட்டிக்கொண்டு வரும் ஐந்து பேர் குடும்பம். அந்தப் பாட்டி லாகூரைப் பார்த்தவராகக்கூட இருக்கலாம். கட்டடத்தைக் காப்பாற்றும் வழிகளை ஆராய 2017இல் அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை நிதி கொடுத்தது. பணம் வரும் வழிகள் வேறு இருக்கின்றன. பாட்டியின் கைப்பைக்குள் தேட வேண்டிய அவசியமில்லை.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். அருங்காட்சியகம் திங்கள்கிழமை மூடியிருக்கும். சிம்லா பயணத்தை அதற்கேற்ப ஒரு நாள் தள்ளிவைத்தால் தப்பில்லை. ரயில் நிலையம் நகரத்தின் நடுவில் இல்லை, எட்டு கிலோமீட்டர் தள்ளி. பெட்டிகளை க்ளோக் ரூமில் போட்டுவிட்டு செக்டர் 17 பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ் பிடிப்பது ஆட்டோவைவிட மிக மலிவு. முதலில் அருங்காட்சியகம், வெயில் ஏறுவதற்குள் உள்ளே இருந்துவிடலாம். மதியம் ரோஜாத் தோட்டத்து நிழல். கையில் அடையாள அட்டை இருந்தால் கேபிடல் வளாகத்தை வழிகாட்டியோடு இலவசமாகச் சுற்றிக் காட்டுவார்கள். நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ராக் கார்டன் பக்கம்தான். அதைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அதன் மூன்றாம் பகுதியில் உயரமான வளைவுகளுக்கு அடியில் நேக் சந்த் சங்கிலி கட்டி ஊஞ்சல்கள் தொங்கவிட்டிருக்கிறார். பிள்ளைகளுக்காகக் கட்டியவை போலத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் சல்வார் கமீஸ் போட்ட அம்மாக்களும் தலைப்பாகை கட்டிய தாத்தாக்களும் தங்கள் முறைக்காக வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.